யங் ஈகிள்ஸ்: பிள்ளையை விமானத்தில் ஏற்றும் முன் கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சிறிய விமானத்தில் இலவசமாக ஏற்றிச் சென்று காட்டும் திட்டம் யங் ஈகிள்ஸ். அதில் நானும் ஒரு தன்னார்வ விமானி. இங்குள்ள தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: இலவசம் என்றால் பயமாக இருக்கிறது. இறங்கியதும் ஏதாவது கோர்ஸில் சேரச் சொல்வார்களா?

மாட்டார்கள். இதை நடத்துவது எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன். சுருக்கமாக ஈஏஏ. சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கும் ஆட்கள் 1953-ல் தொடங்கிய சங்கம். தலைமையகம் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ். ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறையும் 2003 டிசம்பர் 17-க்குள் பத்து லட்சம் பிள்ளைகளைப் பறக்க வைக்க வேண்டும் என்று 1992-ல் இந்தத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். சொன்ன நாளுக்குள் செய்தும் காட்டினார்கள். 2016-ல் இருபது லட்சமாவது பிள்ளையை ஏற்றிச் சென்றவர் நடிகர் ஹாரிசன் ஃபோர்ட்.

பெட்ரோல் செலவு விமானியுடையது. இறங்கியதும் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். எங்களில் பலர் வைத்திருப்பது பிரைவேட் லைசென்ஸ். கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற அதில் அனுமதி கிடையாது.

கே: ஒற்றை எஞ்சின் விமானம். நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால்?

கல் மாதிரி விழாது. செஸ்னா 172 போன்ற விமானம் எஞ்சின் இல்லாமலும் ஒரு மைல் உயரத்திலிருந்து சுமார் ஒன்பது மைல் வரை சறுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் எங்கே இறக்குவது என்று பார்ப்பதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களால் முடிந்த ஒன்று, புறப்படும் முன் விமானி செய்யும் சோதனையைக் கூடவே நின்று பார்ப்பது. இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குழாயில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வழக்கமாகப் போடும் விமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தனியாகத் தங்கிவிடும். அப்புறம் இறக்கையின் பின்விளிம்பை அசைத்துப் பார்ப்பார், புரொபெல்லரின் ஓரத்தை விரலால் தடவி வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிள்ளையையும் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். என்னைக் கேட்டால் பறப்பதைவிட இந்தக் கால் மணி நேரம்தான் பல பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டுகிறது. போனை நீட்டி அதைக் கெடுக்காதீர்கள். படம் அப்புறம் எடுக்கலாம்.

கே: முன்பின் தெரியாதவரோடு பிள்ளையை எப்படி அனுப்புவது?

சரியான கேள்வி. பிள்ளைகளை ஏற்றும் விமானிகள் சிறார் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ படிவத்தில் கையெழுத்துப் போடாமல் ஏற்ற மாட்டோம். மாமா, சித்தி கூட்டி வந்தாலும் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். இடமும் எடைக் கணக்கும் இடம் கொடுத்தால் நீங்களும் ஏறலாமா என்று அன்றைக்கு விமானியிடம் கேளுங்கள். ஆனால் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தால் பிள்ளை என்னிடம் வாயே திறப்பதில்லை.

கே: அங்கிள், எனக்கு 12 வயசு. நான் ஓட்டலாமா?

மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது, விமானி சம்மதித்தால், கன்ட்ரோலைப் பிடித்துப் பார்க்கலாம் தம்பி. இறுக்கிப் பிடிக்காதே, இரண்டு விரல் போதும். ஏறுவதும் இறங்குவதும் எங்கள் வேலை. குட்டிக்கரணம் எல்லாம் கிடையாது, விதியே கூடாது என்கிறது.

கே: என் மகளுக்குக் காரிலேயே வாந்தி வரும்.

காலை நேரத்தில் வரிசையில் பெயர் கொடுங்கள். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று குலுக்கும். காலையில் அவ்வளவு இருக்காது. வெறும் வயிறும் வேண்டாம், நிறையச் சாப்பிட்டும் வேண்டாம். குனிந்து போன் பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் சரியாகும். பறப்பதே மொத்தம் 15, 20 நிமிடம்தான். நடுவில் போதும் என்றாலும் திரும்பிவிடுவோம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விமானத்தின் அருகில் வந்ததும் வேண்டாம் என்று பின்வாங்கும் பிள்ளையையும் வற்புறுத்தாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்ற பேச்சே வேண்டாம்.

கே: இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தோம், காற்று பலம் என்று ரத்து செய்துவிட்டார்கள்.

வருத்தம் புரிகிறது. ஆனால் ரத்து செய்யத் தெரிந்த விமானியிடம்தான் என் பிள்ளையை நான் கொடுப்பேன்.

கே: லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டுமாமே, இந்தப் பறப்பு அதில் சேருமா? அடுத்து என்ன?

பொதுவாகச் சேராது. பயிற்சி என்று கணக்கில் வர அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் கற்றுத் தர வேண்டும். பறந்த பிள்ளைக்கு ஒரு லாக்புக், அதாவது பறந்த கணக்கைக் குறித்து வைக்கும் புத்தகம், கிடைக்கும். அதோடு ஈஏஏ மாணவர் உறுப்பினர் ஆவதும் ஸ்போர்ட்டீஸ் நிறுவனத்தின் இணையவழி விமானப் பாடமும் இலவசம். பயிற்றுநரோடு பறக்க வயது வரம்பு இல்லை. தனியாக விமானம் ஓட்ட 16, லைசென்ஸுக்கு 17. எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் கிளைடர் என்றால் தனியாக ஓட்ட 14, லைசென்ஸுக்கு 16. கண்ணாடி போட்டிருப்பது தடையே இல்லை.

கே: மகனுக்கு 18 ஆகிவிட்டது. சின்னவனுக்கு ஏழரை.

சின்னவன் எட்டு வயது ஆகும் வரை பொறுக்கட்டும். பெரியவருக்கு ஈஏஏ-வின் ஈகிள் ஃப்ளைட்ஸ் என்ற திட்டம் இருக்கிறது.

கே: அண்ணா, போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினேன். நானும் பிள்ளைகளை ஏற்றலாமா?

ஈஏஏ உறுப்பினராகி, நான் மேலே சொன்ன பயிற்சியையும் சோதனையையும் முடித்தால் தடையில்லை. கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். பயணிகளுக்கான காப்பீடும் வேண்டும். வாடகை விமானம் என்றால் அதைத் தரும் கிளப்பின் காப்பீடு இதற்குச் செல்லுமா என்று முதலில் கேளுங்கள், பலர் மாட்டுவது அங்கேதான். முதல் இரண்டு நிகழ்ச்சிகளில் தரையில் வேலை பாருங்கள். பிள்ளைகளை விமானம் வரை நடத்திக் கூட்டிப் போவது, பெல்ட் மாட்டுவது, ஹெட்செட் சரிசெய்வது. எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் ஒரு பிள்ளை ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைக்கு மிகக் கடினமான வேலை.