‘அவள் தானாகத்தான் போனாள்’: துப்புத் துலங்காத வழக்குகள் குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கொலை வழக்குகளிலும் மரண விசாரணைகளிலும் குடும்பத்தார் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன். காணாமல் போன, கொலையுண்ட பெண்களின் தீராத வழக்குகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூனிலிருந்து ஒரு தாய்: பெண் வீடு திரும்பவில்லை என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அம்மா?

அப்படி ஒரு விதி சிங்கப்பூரில் இல்லை. இது திரைப்படங்களிலிருந்து வந்த நம்பிக்கை. உங்கள் மனத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டவுடன் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆபத்து என்று தோன்றினால் 999 அழைக்கலாம். நம் வீடுகளில் தாமதம் நேர்வதற்குக் காரணம் விதியன்று, மானம். “ஊர் என்ன சொல்லும், காலையில் வந்துவிடுவாள்” என்று முதல் இரவைக் கடத்திவிடுகிறோம். புளோக்கின் கீழே உள்ள கேமராவில் பதிவானதும், கடைசியாகப் பேசியவரின் நினைவும் அந்த முதல் நாள்களில்தான் தெளிவாக இருக்கும்.

தெம்பனீசிலிருந்து ஒரு வாசகர்: இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது என்று காலவரம்பு ஏதும் உண்டா?

கொலைக்குக் கிடையாது. 1994 ஜூன் மாதம் ஓரியண்டல் ஹோட்டலில் ஜப்பானியச் சுற்றுப்பயணி ஒருவர் கொள்ளையின்போது கொல்லப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் துப்பு எதுவும் இல்லை. 1996 ஜனவரியில் வேறொரு குற்றத்துக்காகப் பிடிபட்டவரை அந்த வழக்கோடு இணைக்க முடிந்தது. ‘ஆயுள் தண்டனை’ என்றால் இருபது ஆண்டுகள் அல்ல, இயற்கையான ஆயுள் முழுவதும் என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கம் தந்ததும் அதே மனிதருடைய வழக்கில்தான்.

பிடோக்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: 2007இல் காணாமல் போன 19 வயது கலைக்கல்லூரி மாணவியின் வழக்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி உயிர் பெற்றது? அதில் 26 மாதச் சிறை மட்டுமே கிடைத்தது ஏன்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வரும் எல்லாமே இந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கிறது.

2007 ஜூன் மாதக் கடைசியில் நண்பர்களோடு ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்த அந்தப் பெண், விடியற்காலையில் தானாகவே புறப்பட்டுப் போய்விட்டதாக உடனிருந்த இரண்டு ஆடவர்கள் காவல்துறையிடம் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் வழக்கு முழுவதும் ‘காணாமல் போனவர்’ என்ற தலைப்பில் நின்றுவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண், கலை படிப்பவள், இரவு நேரம். அவள் எங்கோ தன் விருப்பத்துக்குப் போயிருப்பாள் என்று நம்புவது எவருக்கும் எளிதாக இருந்திருக்கும். 2020இல் குற்றப் புலனாய்வுத் துறை கோப்பை மீண்டும் திறந்து பார்த்தபோது, அவளுடைய உடைமைகள் குறித்த தடயம் அந்த ஆடவர்களில் ஒருவரிடம் கொண்டுபோய்விட்டது. அவர் அந்த ஆண்டு டிசம்பரில் கைது செய்யப்பட்டுக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டார்.

ஆனால் மற்றவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், பெண்ணின் உடலும் கிடைக்கவில்லை. அவள் எப்படி இறந்தாள் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வழியில்லாமல் போனது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவருக்கு விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு அளிக்கப்பட்டது. புதிய சான்று கிடைத்தால் அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவரலாம் என்பது அதன் பொருள். உடலை மறைத்தது, பொய்த் தகவல் தந்தது போன்ற குற்றங்களுக்காக 2022 அக்டோபரில் 26 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்ணுடைய தாயின் 13 ஆண்டுக் காத்திருப்புக்கு முன்னால் அது சிறிய எண்தான்; என் மனமும் அதை ஏற்கவில்லை. இருந்தாலும், நிறுவ முடியாததற்குத் தண்டிக்க மறுக்கும் நீதிமன்றத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. என் கோபம் அந்த முதல் வாக்கியத்தின் மேல்தான்: ‘அவள் தானாகத்தான் போனாள்.’

உட்லண்ட்சிலிருந்து ஒருவர்: உடல் இல்லாமல் கொலையை நிரூபிக்கவே முடியாதா?

முடியும். அதற்குச் சிங்கப்பூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 27ஆம் தேதி சன்னி ஆங் என்பவர் தம் காதலி ஜென்னியைச் சிஸ்டர்ஸ் தீவுகள் அருகே முக்குளிக்க அழைத்துப் போனார். அதில் பழக்கமில்லாத அந்தப் பெண் நீருக்குள் போனார், திரும்பவே இல்லை. சன்னி ஆங் படகிலிருந்து இறங்கவும் இல்லை. பிறகு கடலடியில் ஜென்னியுடைய நீந்து துடுப்புச் செருப்பு ஒன்று மட்டும் கிடைத்தது, அதன் குதிகால் வார் அறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரில் பெருந்தொகைக்கு விபத்துக் காப்புறுதிகள் எடுக்கப்பட்டிருந்தன. காலாவதியான ஒன்று அன்றைய தினமே புதுப்பிக்கப்பட்டிருந்தது. அரசுத் தரப்பில் பிரான்சிஸ் சியாவ் வாதாடினார். நேரில் கண்ட சாட்சி இல்லை, உடல் இல்லை, எல்லாமே சூழ்நிலைச் சான்று. 1965 மே மாதம் ஜூரி குற்றவாளி என்று சொன்னது. 1967 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார்.

சூழ்நிலைச் சான்று என்பதைக் கயிற்றோடு ஒப்பிட்டுச் சொல்வதை நீதிமன்றத்தில் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன்: ஒற்றைப் புரி பாரம் தாங்காது, பல புரிகள் முறுக்கேறினால் தாங்கும். 2016இல் நடந்த இன்னொரு வழக்கில் பெண்ணின் உடல் லிம் சூ காங்கில் எரிக்கப்பட்டு ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை; ஆயினும் 2019இல் கொலைத் தீர்ப்பும் ஆயுள் தண்டனையும் வந்தன. சில நாள்களிலேயே விசாரணை தொடங்கியதால் அந்தப் புரிகள் அறுந்துபோகாமல் இருந்தன. 2007ஆம் ஆண்டு வழக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரீன் பரேட்டிலிருந்து ஒரு வாசகி: ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஆம்பர் பீக்கன் கோபுரத்தில் நடந்த கொலையை இன்றைய மரபணுச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாதா?

1990 மே 15ஆம் தேதி இரவு அங்கே உட்கார்ந்திருந்த காதலர்களை இரண்டு ஆடவர்கள் தாக்கினார்கள். 21 வயதுப் பெண் இறந்தார், உடனிருந்தவர் காயங்களோடு உயிர் தப்பினார். வழக்கு இன்னும் தீரவில்லை.

மரபணுச் சோதனை மந்திரக்கோல் அல்ல. இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் அந்த முறையைக் கண்டறிந்ததே 1984இல்தான். சிங்கப்பூரில் குற்றவாளிகளின் மரபணுத் தரவகம் 2003இல் தொடங்கியது. ஆகவே 1990இல் ஒரு துணியை எடுத்து வைத்தவர்கள், பிற்காலத்தில் அதில் இப்படி ஒரு சோதனை நடக்கும் என்று எண்ணி எடுத்து வைத்தவர்கள் அல்லர். தாக்கியவர் தம் உடலிலிருந்து எதையாவது விட்டுச் சென்றிருக்க வேண்டும், அது கெடாமல் இருக்க வேண்டும், ஒப்பிட எதிரே ஒருவருடைய மாதிரி வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் பெண்களை வதைத்துக் கொலைகள் செய்தவர் 2018இல் பிடிபட்டது மூன்றாவது தேவையைச் சுற்றிவந்ததால்தான்: அவருடைய மாதிரி எங்கும் இல்லை, ஆனால் தூரத்து உறவினர்கள் வம்சாவளி ஆய்வுக்காகத் தம் மரபணுவைப் பொதுத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள்.

ஜூரோங்கிலிருந்து ஓர் ஆசிரியர்: கனடாவில் பூர்வகுடிப் பெண்கள் இத்தனை பேர் காணாமல் போயும் ஏன் எவரும் கவனிக்கவில்லை?

கனடாவின் மத்தியக் காவல்துறை 2014இல் வெளியிட்ட கணக்கின்படி மொத்தம் 1,181 பூர்வகுடிப் பெண்கள். அவர்களில் 1,017 பேர் 1980க்கும் 2012க்கும் இடையே கொல்லப்பட்டவர்கள், 164 பேர் காணாமல் போனவர்கள். நாட்டின் பெண்களில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் போலத்தான், ஆனால் கொலையுண்ட பெண்களில் நூற்றுக்குப் பதினாறு பேர். வான்கூவரில் பெண்கள் தொடர்ந்து மறைந்துகொண்டிருந்ததை விசாரித்த முன்னாள் நீதிபதி வாலி ஒப்பல், காவல்துறையிடம் அந்தப் பெண்களுக்கு எதிரான பாரபட்சம் அமைப்பிலேயே ஊறியிருந்தது என்று 2012இல் எழுதினார். 2016இல் தொடங்கிய தேசிய விசாரணை 2019இல் 231 கோரிக்கைகளோடு முடிந்தது.

மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரிலும் இதே கதைதான். மகளைக் காணோம் என்று வந்த தாய்மார்களிடம், அவள் காதலனோடு போயிருப்பாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பருத்தி வயலொன்றில் உடல்கள் கிடைத்தன. 2009இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தாய்மார்கள் கேட்ட பதிலும், நம் ஊரில் ‘ஓடிப்போனவள்’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லி முடிப்பதும் வேறல்ல. அந்தச் சொல்லைச் சொன்ன மறுகணமே தேடுவது நின்றுவிடுகிறது.

தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர்: என் அத்தை இங்கே பணிப்பெண்ணாக வந்தவர். முதலாளி வீட்டிலிருந்து ‘ஓடிவிட்டார்’ என்று சொன்னார்கள். அதன்பிறகு கடிதம் இல்லை. எங்கே கேட்பது?

அத்தையின் கடப்பிதழ் எண் அல்லது வேலை அனுமதி எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஊரில் பழைய கடிதங்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் தேடுங்கள். பிறகு இங்கே காவல்துறையிடம் ‘காணாமல் போனவர்’ என்று புதிதாகப் புகார் கொடுங்கள், இந்தியத் தூதரகத்துக்கும் எழுதுங்கள். முதலாளி அன்றே புகார் கொடுத்திருக்கிறார் என்று இருந்துவிடாதீர்கள். பணிப்பெண்ணுக்காக முதலாளி கட்டும் பிணைத்தொகை 5,000 வெள்ளி; தேட முயன்று புகாரும் கொடுத்தால் அதில் பாதியைத்தான் இழப்பார். ஆகவே அந்தப் புகார் பெரும்பாலும் ‘வேலையை விட்டு ஓடியவர்’ என்ற கண்ணோட்டத்தில் எழுதப்படுவது. அவருக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டு எழுதப்படும் புகாரை இரத்த உறவுதான் கொடுக்க முடியும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: ஏழு ஆண்டு ஆகிவிட்டால் இறந்ததாகக் கருதுவார்களாமே? அப்படிச் செய்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லாதவர் இறந்திருப்பார் என்று அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. சொத்து, திருமணம், மத்திய சேமநிதி போன்றவற்றுக்கு அது தேவைப்படலாம். அந்த அனுமானம் குற்றவியல் விசாரணையை மூடாது. விருப்பமில்லாத தாயை அதற்கு வற்புறுத்தாதீர்கள்.

செங்காங்கிலிருந்து: மரண விசாரணையில் ‘பொதுத் தீர்ப்பு’ என்றார்கள். அப்படியென்றால் என்ன?

அந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் என் நாக்கு தடுமாறியிருக்கிறது. மரண விசாரணை அதிகாரி யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கண்டறிய முயல்கிறார். எவரையும் குற்றவாளி என்று சொல்வது அவர் வேலையன்று. சான்று எந்தப் பக்கமும் போதவில்லை என்றால் முடிவைத் திறந்தே விடுகிறார். ஒருமுறை ஒரு தாய் என் கையைப் பிடித்து, “அப்போ முடிஞ்சு போச்சாம்மா?” என்று கேட்டார். “இல்லை, முடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள்” என்றேன். அதற்குப் பிறகு நான் ‘பொதுத் தீர்ப்பு’ என்று சொன்னதில்லை. ‘முடிக்கப்படாத தீர்ப்பு’ என்றே சொன்னேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: முப்பது ஆண்டுக்கு முன்பு நான் பார்த்த ஒன்று ஒரு பெண்ணின் வழக்கோடு தொடர்புடையதோ என்று சந்தேகம். அன்று பயத்தில் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன பயன்?

சொல்லுங்கள். அது முக்கியமா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் யார் பெயரையும் எழுதாதீர்கள்; நிரபராதி ஒருவர் பாழாகலாம், உண்மையான சாட்சியும் கெடலாம். முதலில் ஒரு தாளில், வேறு எவரிடமும் பேசுவதற்கு முன், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பிற்பாடு செய்தித்தாளில் படித்ததைத் தனியாகக் குறியுங்கள். தேதி நினைவில்லை என்றால் தீபாவளிக்கு முன்னா பின்னா, எந்த வேலையில் இருந்தீர்கள், எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று எழுதினால் போதும். பிறகு காவல் நிலையத்துக்குப் போய்க் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.