வாசகர் கேள்வி: அடுப்படியில் ஜெபம்

கேள்வி: பாத்திரம் கழுவும்போது ஜெபிக்கத் தொடங்குகிறேன். இரண்டு தட்டு முடிவதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கை வேலையாக இருக்கும்போது நீண்ட ஜெபம் நிற்காது. ஒரே ஒரு வசனம் போதும். 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்' என்ற சங்கீதம் 70:1-ஐ எந்த வேலையின் நடுவிலும் சொல்லலாம் என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே துறவி ஜான் காசியன் எழுதிவைத்தார்.

வசனத்தைக் கடிகாரத்தோடு சேர்க்காமல் வேலையின் திருப்பங்களோடு சேர்த்துவிடுங்கள். குழாயைத் திறக்கும்போது ஒருமுறை, சோப்புப் போட்டு முடித்து அலசத் தொடங்கும்போது ஒருமுறை, கடைசியாகத் தொட்டியைத் துடைக்கும்போது ஒருமுறை. இடையில் மனம் அலைந்தால் உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் சொல்லுங்கள். தினம் ஒரு வசனமாக மாற்றினால் எதுவும் நாவில் பதியாது. ஒரு மாதமாவது ஒன்றிலேயே நில்லுங்கள்.

கத்தியும் கொதிக்கிற எண்ணெயும் கையில் இருக்கும்போது மட்டும் வசனத்தை விட்டுவிடுங்கள். அப்போது கவனம் முழுவதும் வேலையில்தான் இருக்க வேண்டும். அந்தக் கவனத்தையும் கர்த்தர் ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாள்தான் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறபோது, பணிவிடை செய்துகொண்டிருந்த அவள் சகோதரி மார்த்தாளின் வேலைக்கு மதிப்பே இல்லையா?

பதில்: லூக்கா 10:41-ஐ மெதுவாக வாசியுங்கள். 'கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்றுதான் இயேசு சொன்னார். சமைக்கிறாய் என்று குறை சொல்லவில்லை. யோவான் 12:2-இல் அதே மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள், அங்கே கண்டிப்பு எதுவும் இல்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துச் சீஷர்களைச் சாப்பிட அழைத்தாரே!

கேள்வி: வீட்டில் எல்லா வேலையும் என் தலைமேல்தான். சலித்துக்கொண்டால், 'கர்த்தருக்கென்று செய்' என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது கொலோசெயர் 3:23. அது வேலை செய்கிறவர் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம். உட்கார்ந்திருப்பவர் அடுத்தவரைப் பார்த்துச் சொல்வதற்கு அல்ல. அதே நிருபம் 4:1-இல் எஜமான்களைப் பார்த்து, நீதியும் செவ்வையுமாய் நடங்கள் என்கிறது.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு வகுத்த ஒழுங்கின் 35-ஆம் அதிகாரம் உங்கள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். சகோதரர்கள் ஒருவருக்கொருவர் பணிவிடை செய்ய வேண்டும்; நோய் அல்லது தவிர்க்கமுடியாத பொறுப்பு இருந்தாலன்றி யாருக்கும் சமையலறை முறையிலிருந்து விலக்கு இல்லை. முறை வாரத்துக்கு ஒருமுறை மாறும். முறை முடிக்கிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் ஒப்படைப்பார். ஞாயிறு காலை ஜெபத்துக்குப் பின் அவர் தேவனுக்கு நன்றி சொல்வார், புதிதாக ஏற்கிறவர் மேலே சொன்ன அதே சங்கீத வசனத்தை மூன்று முறை சொல்லித் தொடங்குவார்.

வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து, கழுவுவது, பெருக்குவது, துவைப்பது என்று வேலைகளைத் தாளில் எழுதிப் பெயர் போடுங்கள். குழந்தைகளுக்கும் வயதுக்கேற்ற பங்கு கொடுங்கள். ஒப்படைக்கும் விதியை மட்டும் தளர்த்த வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோடு அடுப்பையும் ஈரத்தோடு துணியையும் விட்டுப் போனால், அடுத்தவர் முதல் நாளே முறுமுறுப்போடுதான் கையை வைப்பார்.