பரணில் கிடக்கும் ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: கேள்வி பதில்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில வீடுகளில், கொழும்பு, சிங்கப்பூர் போய்வந்தவர்கள் வாங்கிவந்த வால்வு டேப் ரெக்கார்டர்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வு; நாடா சுற்றிய சக்கரம்தான் ஸ்பூல். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அண்ணாச்சி, தாத்தாவின் கிரண்டிக் மெஷினை இறக்கித் துடைத்துவிட்டோம். அது ஓடி முப்பது வருஷமாவது இருக்கும். ஒரு தடவை பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடவா? (புளியரை)

வேண்டாம் தம்பி. எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். கடைசியில் செய்ய வேண்டியதும் இதுதான்.

மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. கரண்டைத் தடுத்து நிறுத்துவது அதுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தப் படலம் நைந்துபோகும். அந்த நிலையில் 250, 300 வோல்ட் வந்து விழுந்தால் கண்டென்சர் ஷார்ட் ஆகி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கண்டென்சர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த மெஷினுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

முதலில் மூடியைக் கழற்றி எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜ் செலக்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 110-ல் நின்றிருந்து, நீங்கள் பிளக்கைச் சொருகியிருந்தால் சோலி முடிந்திருக்கும். 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள். நம் லைன் பெயருக்குத்தான் 230. ராத்திரியில் அதைத் தாண்டிவிடும்.

அப்புறம் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களையும் பேப்பர் கண்டென்சர்களையும் மாற்றுங்கள். அதன் பிறகு லைனில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் (கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி) போட்டு ஆன் செய்யுங்கள். பழைய ஃபிலமென்ட் பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மோட்டார் சுற்றுவதால் மங்கிய வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சும், பயப்பட வேண்டாம். முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள்.

பேப்பர் கண்டென்சர் எல்லாவற்றையுமா மாற்றணும்? பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? (கடையநல்லூர்)

பார்த்துச் சொல்ல முடியாது. மெழுகு பூசிய காகிதம் ஈரம் வாங்கிக் கசியத் தொடங்கியிருக்கும். சாரல் காற்று வீசும் நம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமானது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு) போகும் கப்ளிங் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும். உள்ளே இருக்கும் தகடு சிவந்துவிடும். வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும்.

உங்கள் மெஷினில் இஎல் 84 என்ற அவுட்புட் வால்வு இருந்தால், ஓடும்போது அதன் இரண்டாம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) சேசிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலும் அந்தக் கண்டென்சரைக் குப்பையில் போடுங்கள். அதே மதிப்பில், 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சர் போதும். "ஆடியோ கிரேடு" என்று பத்து மடங்கு விலை சொல்பவர்களிடம் காசைத் தொலைக்காதீர்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவி. அணைத்துவிட்டுத்தானே கை வைக்கிறோம், அப்புறமும் ஷாக் அடிக்குமா அண்ணாச்சி? (தென்காசி)

அடிக்கும் அம்மா. பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி, கண்டென்சரின் பாசிட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே சில விநாடிகள் வையுங்கள். மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி காட்டும் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பழகாதீர்கள். ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பின்னால் இருக்கட்டும்.

உள்ளே பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டிக் கிடக்கிறது. ஸ்பூல் சுற்றவில்லை. (ஆரியங்காவு)

அந்தத் தார்தான் பெல்ட். கையில் பட்டால் லேசில் போகாது. கையுறை போட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். சுவடு மிச்சமிருந்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கும்.

வால்வு மெஷின் என்றதும் எல்லாரும் வால்வைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை ரப்பரிலும் கிரீஸிலும்தான் இருக்கிறது. மோட்டாரிலிருந்து ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் சக்கரம் கல்லாக இறுகியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்தால் மேல்பூச்சு போய்ப் பிடிப்பு வரும். ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. லேத் பட்டறையில் கொடுத்துப் புது ரப்பர் போட்டுக் கடைந்து வாங்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருக்கிற உங்கள் ஊரில் அளவான ஒரு ரப்பர் வளையம் கிடைக்காது என்பது வேடிக்கைதான். காய்ந்த கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டு மெல்லிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டாவது சொட்டு ரப்பருக்குத்தான் போய்ச் சேரும்.

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வொல்லென்சாக் டி-1500. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறோம். ஆனாலும் பாட்டு இழுக்கிறது. மோட்டார் போய்விட்டதா? (கொல்லம்)

மோட்டார் நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை (ஏசி கரண்ட் விநாடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்பதை) மாற்றாது. அந்த மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் லைன் 50. ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி மூன்று அரைஸ்வரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதாகக் கேட்கும்.

மோட்டார் புல்லியின் விட்டத்தை 1.2 மடங்காக்கி லேத்தில் கடையலாம், சுத்தமான 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டரும் வைக்கலாம். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இரண்டும் வேண்டாம். ஏற்றிய பிறகு வேகத்தை 1.2 மடங்காக்கினால் சரியாகிவிடும். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் கூடுதலாகச் சூடாகும், இடையிடையே நிறுத்தி ஓட்டுங்கள்.

அப்பாவின் வில்லுப்பாட்டு டேப் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாசனை. சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே? (புளியங்குடி)

தயவுசெய்து சூடாக்காதீர்கள். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய நாடா வழியாக வெளிச்சம் ஊடுருவினால் அது அசிட்டேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் நாடா. அசிட்டேட் சிதையும்போது வருவது அசிட்டிக் அமில வாசனை. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். சூடு பட்டால் நாடா சுருங்கி வளைந்துவிடும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் வைத்தியம் வேறு நாடாவுக்கு உரியது: 1970, 80-களில் வந்து, இப்போது பிசுபிசுக்கும் சில பாலியெஸ்டர் நாடாக்களுக்கு.

இந்த ஸ்பூலை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெள்ளைப் பூஞ்சை இருந்தால் மெஷினில் ஏற்றாதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்மையான துணியால் துடையுங்கள். பழுது பார்த்த மெஷினை முதலில் ஒன்றுக்கும் உதவாத டேப்பில் ஓட்டிப் பாருங்கள். அப்பாவின் குரலில் சோதனை செய்யாதீர்கள். ஓட்டினால் முதல் ஓட்டத்திலேயே பதிவும் நடக்கட்டும். நாடா அறுந்தால் கவலை வேண்டாம், அசிட்டேட் இழுபடாமல் பளிச்சென்று முறியும். ஸ்பிளைசிங் டேப் போட்டு ஒட்டிவிடலாம். செலோடேப் மட்டும் கூடாது, பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும்.

பாட்டுக்கு நடுவே யாரோ தலைகீழாகப் பேசுகிறார்கள்! (குமுளி)

பேய் இல்லை. பாதி அகலத்தில் ஒரு பக்கமும் மீதியில் மறுபக்கமுமாகப் பதிந்த டேப்பை நான்கு டிராக் ஸ்டீரியோ மெஷினில் போட்டிருக்கிறீர்கள். இடது சேனலில் பாட்டு வரும், வலதில் மறுபக்கம் பின்னோக்கி ஓடும். இரண்டையும் பதிந்துகொண்டு வலதைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும்.

வால்வு எல்லாவற்றையும் மாற்றணுமா? பச்சைக் கண் மங்கலாக இருக்கிறது. (செங்கோட்டை)

பச்சைக் கண் பதிவின் அளவைக் காட்டும் வால்வுதான்; அது மங்கினால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். மற்ற வால்வுகளைச் சோதிக்காமல் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சத்தம் விட்டு விட்டு வந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் ரெக்கார்ட், பிளே மாற்றும் நீளமான சுவிட்சில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை அசைத்துப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் இசிசி 83, இஎல் 84 இரண்டும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்காக இன்றும் புதிதாகத் தயாராகின்றன. பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் அந்தக் காலத்தில் செய்த வால்வுகளும் பழைய ரேடியோ கடைகளில் அவ்வப்போது தென்படும். பெட்டியைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.