வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? – கேள்வி பதில்

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்): கழுத்து வலி என்று போனால், "வீட்டில் யாரிடம் மனம் விட்டுப் பேசுவீர்கள்?" என்று கேட்கிறார்கள். கழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், மேடம்?

பதில்: நாள் முழுக்கத் தையல் மெஷின் மேல் குனிந்தால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி எவ்வளவு பயமுறுத்துகிறது, அதை யாரிடம் சொல்கிறோம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். குழந்தை தாயோடு ஒட்டும் விதத்தை ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் விளக்கினார். 1987-ல் ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவரும் அதைப் பெரியவர்களின் காதல் உறவுக்கும் பொருத்தினார்கள். சிலர் நம்பிச் சாய்வார்கள். சிலருக்குக் கைவிட்டுவிடுவார்களோ என்ற பதற்றம். சிலர் யாரையும் நெருங்க விடமாட்டார்கள். நம்மில் பலர் கலவைதான். வலி வரும்போதும் இந்தச் சுபாவம்தான் தலைகாட்டும், அதனால்தான் அந்தக் கேள்வி.

கேள்வி (குடியாத்தம்): பீடி சுற்றும் என் மனைவி ஓயாமல் தோள் வலி என்கிறாள். நடிப்பா?

பதில்: இல்லை ஐயா. மடியில் முறத்தை வைத்து மணிக்கணக்கில் குனிந்திருப்பவருக்கு வலி நிஜம். பதற்ற சுபாவம் உள்ளவர்கள் வலியை ஆபத்தாக எடுத்துக்கொண்டு, 'இது தீராது' என்றே யோசிப்பது அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் "ஆரம்பிச்சிட்டியா" என்று சலித்துக்கொண்டால் பதற்றம் கூடும், சொல்வதும் கூடும். அவர் வாய் திறக்கும் முன்பே, "இன்னைக்குத் தோள் எப்படி இருக்கு?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்புறம் சுற்றிய கட்டுகளை நீங்கள் எடுத்து வையுங்கள். இரண்டும் வேண்டும்.

கேள்வி (காட்பாடி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): முட்டி வலிக்கும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்கு வலி கூடுகிறது. நான் கல்நெஞ்சக்காரனா?

பதில்: சேச்சே, அப்படியில்லை. 2015-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பெண்களின் விரலில் லேசரால் சுருக்கென்று வலி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை துணைவர் அறையில் இருக்கும்போது, ஒருமுறை இல்லாதபோது. நெருக்கத்தைத் தவிர்க்கும் சுபாவம் எவ்வளவு கூடுதலோ, துணைவர் இருக்கும்போது அவ்வளவு அதிகமாக வலித்தது. ஆகவே "பத்து நிமிஷம் தனியா விடும்மா, அப்புறம் டீ குடிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் மனம் நோகாது. ஆனால் உங்களைப் போன்றவர்களிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. வலி உணர்ச்சி போவதால்தான் தொழுநோயாளிகளின் கைகால்கள் சேதமாகின்றன என்பதை நம் வேலூரில் இருந்துதான் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். உணர்ச்சி இருந்தும் வெளியே சொல்லாவிட்டால் என்ன பயன்? நெஞ்சு வலியை மட்டும் மறைக்காதீர்கள்.

கேள்வி (ஆரணி): சிறுவயதிலேயே அம்மாவை இழந்தவள் நான். அதனால் எனக்கு வலி எப்போதும் அதிகமாகத்தான் இருக்குமா?

பதில்: அப்படி விதி எதுவும் இல்லை. பாட்டியோ அத்தையோ தாங்கியிருந்தாலும் போதும். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் படிவம் கொடுத்துக் கேட்டவை. தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. நம்பகமான துணை கிடைத்தால் பெரிய வயதிலும் சுபாவம் இளகும்.

கேள்வி (வேலூர், கல்லூரி மாணவர்): ஆன்லைன் டெஸ்டில் நான் நெருக்கத்தைத் 'தவிர்ப்பவர்' என்று வந்தது. மாத்திரை உண்டா?

பதில்: கிடையாது தம்பி, அது நோயே இல்லை. தலைவலியோ வேறு வலியோ விடாமல் தொந்தரவு செய்தால் டாக்டரைப் பாருங்கள். போகும்போது ஒரு நண்பனையும் கூட்டிப் போங்கள், வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.