நான் நேரில் பார்க்காத டாம் மெக்யூவன்

"நேரில் பார்த்தே இராத ஒரு விளையாட்டு வீரரின் மறைவுக்காக நீங்கள் கலங்கியதுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அமெரிக்க டிராக் ரேஸ் வீரர் டாம் மெக்யூவனுக்காக. 2018 ஜூன் 10 அன்று, 81 வயதில் காலமானார். செய்தியைப் படித்தபின் அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

டிராக் ரேஸ் என்றதும் ஏற்காடு மலைப்பாதையில் இரவில் பைக்கை முறுக்கும் இளைஞர்களை நினைத்துவிடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில், எதிரே பஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பது பந்தயமே அல்ல. ஊரார் உயிரோடு விளையாடுவது. டிராக் ரேஸ் ஒரே நேர்ப்பாதை. கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டே வண்டிகள், ஆளுக்கொரு தடம். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். முந்தியவருக்கு அடுத்த சுற்று, பிந்தியவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். மெக்யூவன் ஓட்டியவை, பந்தய இன்ஜின்மேல் சாதாரண கார் போன்ற மேல்கூட்டைக் கவிழ்த்த 'ஃபன்னி கார்' வகை. அந்த வண்டிகள் எழுபதுகளின் இறுதியில் அந்தத் தூரத்தை ஏறக்குறைய ஆறு நொடியில் கடந்தன. நிறுத்த பிரேக் மட்டும் போதாது, பின்னால் பாராசூட் விரிய வேண்டும். எரிபொருள் நைட்ரோமீத்தேன். அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். அப்படிப்பட்ட இன்ஜின் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே இருக்கும்.

மெக்யூவனின் பட்டப்பெயர் 'கீரி'. டான் ப்ருடோம் என்ற வீரரை எல்லோரும் 'பாம்பு' என்று அழைத்ததால், அவரோடு மோதுவதற்கென்றே 1964-இல் இன்ஜின் நிபுணர் எட் டோனோவன் சூட்டிய பெயர் அது. மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மெக்யூவன் அந்தப் பகையை இருவருக்கும் சோறு போடும் தொழிலாக மாற்றினார். பொம்மை தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்திடம் போய்ப் பேசி, 1970-இல் இருவரின் வண்டிகளையும் அதன் பொம்மைக் கார்களின் பெயரான ஹாட் வீல்ஸ் பெயரில் ஓட வைத்தார். ப்ருடோமுக்கு மஞ்சள் நிற பாரகூடா, இவருக்குச் சிவப்பு நிற டஸ்டர். வாகனத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரிய நிறுவனம் டிராக் ரேஸில் பணம் போட்டது அப்போது பெரிய புதுமை. தன் எதிரிக்கும் சேர்த்துப் பங்கு கேட்டு வாங்கிய மனிதர் என்பதாலேயே அவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியதும் அந்தச் சிவப்பு டஸ்டர்தான். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்த பொம்மை, விரல் நீளம்தான் இருக்கும். முன்பக்கத்தை நகத்தால் நெம்பினால் மேல்கூடு முழுவதும் பின்னோக்கி எழும்பும். உள்ளே இன்ஜின் தெரியும். கூடு விழாமல் முட்டுக்கொடுக்க ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். லாரி இன்ஜின்களுக்கு போரிங் வேலை. கிரீஸ் கையோடு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "உண்மையான வண்டியும் இப்படித் திறந்தால் மெக்கானிக்குக் கும்பிடு போடலாம்" என்றார். உண்மையான வண்டியும் அப்படித்தான் திறக்கும் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு பழைய மோட்டார் பத்திரிகையில் படமாகப் பார்த்தேன். அப்போது அப்பா இருந்தார், காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

வெற்றிக் கணக்கில் கீரி பாம்புக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ப்ருடோம் 1975 முதல் 1978 வரை தொடர்ந்து நான்கு முறை ஃபன்னி கார் சாம்பியன். மெக்யூவன் ஒருமுறைகூட ஆனதில்லை. அவர் வென்ற தேசியப் போட்டிகள் மொத்தம் ஐந்து. ஆனாலும் 2001-இல் அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம் தன் ஐம்பதாண்டு வரலாற்றின் தலைசிறந்த 50 பேரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கும் இடம் கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால்தான் அநியாயம்.

அந்த ஐந்தில் ஒன்று 1978 செப்டம்பரில் இண்டியானாபொலிஸில் நடந்த யு.எஸ். நேஷனல்ஸ். டிராக் ரேஸில் அதைவிடப் பெரிய போட்டி கிடையாது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய மகன் ஜேமி ரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தான். நம் பக்கத்தில் காரியம் முடியும்வரை வீட்டை விட்டு இறங்கவே யோசிப்போம். அவர் போய் வண்டியில் உட்கார்ந்தார். இதைக் கல்நெஞ்சம் என்று சொன்னவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் பாட்டி இறந்த மூன்றாம் நாளே அப்பா பட்டறையைத் திறந்தார். உறவினர்கள் ஏசினார்கள். லேத்தை ஓடவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்தவன் நான். சிலருக்குக் கை சும்மா இருந்தால் துக்கம் ஆளையே தின்றுவிடும்.

ஒவ்வொரு சுற்றாக வென்று இறுதிக்கு வந்தார் மெக்யூவன். எதிரே நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ப்ருடோம். யாராலும் தோற்கடிக்க முடியாத உச்சத்தில் இருந்தவர். விளக்கு மாறியது, கீரி ஜெயித்தது. பாதையின் மறுமுனையில் இருவரும் கண்கலங்கி நின்றார்கள். தோற்றவரும் அழுதது தோல்விக்காக அல்ல.

அந்த இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். சேலத்திலோ ஏற்காட்டிலோ மெக்யூவனைத் தெரிந்தவர் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். அவரைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை.