காலைப் பலகாரத்தை விடாதீர்கள், ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவாருங்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 46 கிலோ. சர்க்கரை, பிரஷர் இல்லை. காலை 8.30-க்கு ஷிஃப்ட். வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிஃப்ட், ராத்திரி 8.30-க்குத்தான் விடுவார்கள், நடுவில் சாயங்காலம் 5.30-க்கு அரை மணி இடைவேளை. இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். பால், கொள்ளு, வெங்காயம் எதுவும் சேருவதில்லை. காலை 6 மணிக்குப் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். பக்கத்து மெஷின் அக்கா சொல்லி, 20 நாளாக 16 மணி நேர விரதம் இருக்கிறேன். ராத்திரி 9.30-க்குச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் 1 மணிக்குத்தான் சோறு; காலையில் ஒரு டீ மட்டும். காலையில் உப்புசம் குறைந்திருக்கிறது. ஆனால் நெஞ்செரிச்சல் கூடிவிட்டது, மலச்சிக்கலும் வந்துவிட்டது. தொடரலாமா? இப்படியே இருந்தால் சேராத சாப்பாடெல்லாம் சேர்ந்துவிடுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, இதை இப்படியே தொடர வேண்டாம். அதேசமயம், காலையில் உப்புசம் குறைந்தது உங்கள் நினைப்பு மட்டும் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. நேரத்தை மாற்றி வைத்தால் பட்டினி கிடக்காமலே அந்தச் சுகம் கிடைக்கும்.

சாப்பாடு செரித்து இறங்கியபின் வயிறு சும்மா இருப்பதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை ஒரு அலை ஓடும். மிச்சம் மீதியை, கிருமியை எல்லாம் வாசல் கூட்டுவதுபோலத் தள்ளிக்கொண்டு போகும். நாம் எதையாவது சாப்பிட்டதும் அந்த அலை நின்றுவிடும். பாலும் சர்க்கரையும் போட்ட டீக்கும் அப்படித்தான். காலை டீ, 11 மணிக்கு டீயும் பன்னும், 4 மணிக்கு பஜ்ஜி என்று நாள் முழுக்கக் கொறித்தால் கூட்டவே நேரமில்லை. இருபது நாளாக உங்கள் குடலுக்கு அந்த நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு 16 மணி நேரம் தேவையில்லை. ராத்திரியில் 12, 13 மணி நேரமும், பகலில் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே 4, 5 மணி நேரமும் போதும்.

சரி, நெஞ்செரிச்சல் ஏன் கூடியது? காலை முழுக்கக் காய்ந்த வயிற்றில் மதியம் ஒரே மூச்சாக இரண்டு வேளைச் சோறு விழுகிறது. இரைப்பை விரிந்தால் மேல்வாசல் நெகிழும், புளிப்பு மேலே ஏறும். ராத்திரி 9.30-க்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது அடுத்த காரணம். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும்.

மூன்றாவது காரணம் மாத்திரை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் நிறைய விழித்துக்கொள்ளும். பான்டோபிரசோல் விழித்திருக்கும் பம்பைத்தான் அடைக்கும். ரத்தத்தில் அது இருப்பதே சில மணி நேரம்தான். 6 மணிக்குப் போட்டுவிட்டு 1 மணிக்குச் சாப்பிட்டால், பம்பு விழிக்கும்போது மாத்திரை போயிருக்கும். முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் முழுப் பலன்.

காலைப் பலகாரம் போனதும் காலைக்கடனும் போனது தற்செயல் இல்லை. காலையில் விழும் சாப்பாடுதான் பெருங்குடலைத் தட்டி எழுப்பும். அதை நிறுத்தினால் பலருக்கு மலம் தங்கிவிடும். தங்கிய மலம் காற்றையும் பிடித்து வைக்கும். இன்னொன்றும் மனதில் படுகிறது. கம்பெனியில் பாத்ரூம் போக யோசித்தே பல பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். பாத்ரூம் போக நேரம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

இனி அட்டவணை. காலை 7-க்கு மாத்திரை, 7.30-க்கு வயிறார இட்லியோ சந்தகையோ மோர் விட்ட பழைய சோறோ. டீ வேண்டுமென்றால் அதோடு சேர்த்துக் குடித்துவிடுங்கள். 11 மணிக்கு எல்லோருக்கும் டீ வரும்போது நீங்கள் சீரகத் தண்ணீர். மதியம் 1-க்குச் சோறு, ஒரே தடவையில் வயிறு முட்ட வேண்டாம். சாயங்காலம் 5.30 இடைவேளைதான் உங்கள் ராத்திரிச் சாப்பாடு. இரண்டாவது தூக்குப்போசி ஒன்று எடுத்துப் போங்கள். ரசம் சோறு, அரிசிம்பருப்புச் சோறு, சோளத்தோசை எதுவானாலும் சரி, அது பலகாரம் மாதிரி இல்லாமல் முழுச்சாப்பாடாக இருக்கட்டும். 6 மணிக்கு முடித்தால் மறுநாள் 7.30 வரை பதின்மூன்றரை மணி நேரம். ஒரு வேளையும் குறையவில்லை பாருங்கள். ஒரு ஷிஃப்ட் நாளில் வீட்டில் 7 மணிக்கு.

9 மணிக்குப் பசித்தால் அரை டம்ளர் மோரோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடுங்கள். பசியோடு படுக்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு 46 கிலோ என்பது பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 19, 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. நீங்கள் ஒரு கிலோகூட இழக்கக் கூடாது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 45-க்குக் கீழே இறங்கினால் இடைவெளியை 12 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் நேரத்தை மட்டும் மாற்றுங்கள், சாப்பாட்டில் எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, உப்புசம் வந்த நேரம், மாதவிலக்குத் தேதி நான்கையும் எழுதுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பலருக்கு வயிறு உப்பும். அந்தப் பழியைக் கொள்ளு மேல் போடக் கூடாது.

சேராத சாப்பாடு விரதத்தால் சேர்ந்துவிடாது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயதாக வயதாக நம்மில் நிறையப் பேருக்குக் குறையும். பட்டினி கிடந்து அதைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆனால் டீயில் விழும் 60 மில்லி பாலில் லாக்டோஸ் 3 கிராம்தான். நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். சோதிக்க வேண்டுமானால், நேரம் மாற்றிய அந்த இரண்டு வாரம் முடிந்தபின், ஒரு வாரம் பாலை நிறுத்திவிட்டு, விடுமுறை நாளில் 200 மில்லி பால் குடியுங்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் இரைச்சல், பேதி வந்தால் அதுதான். தயிரும் மோரும் அப்போதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கொள்ளை நம் வீடுகளில் எப்படிச் செய்கிறோம் என்று யோசியுங்கள். வேகவைத்து வடித்து, பருப்பைக் கடைந்துவிட்டு, வடித்த தண்ணீரில் ரசம் வைக்கிறோம். காற்று உண்டாக்கும் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. அதாவது ரசத்தில்தான் அவை நிறைய இறங்கியிருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வடித்த தண்ணீரிலும் ஒரு மாதத்துக்கு ரசம் வைக்க வேண்டாம். கடைந்த பருப்பை இரண்டு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள். அது ஒத்துக்கொண்டால் கொள்ளை ஒதுக்கவே தேவையில்லை. ரசம் வேண்டுமென்றால் மிளகு, சீரகம் சேர்த்து வைக்கும் செலவு ரசம் இருக்கிறது, பூண்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்கிற, காற்று உண்டாக்கும் சர்க்கரை வகையும் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துவிட்டால் வாசம் தங்கும், தொந்தரவு தங்காது. பெருங்காயமும் கை கொடுக்கும். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், கோதுமை சேராதவர்கள் டப்பாவைப் படித்து வாங்க வேண்டும்.

ஒரு பொருளை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்தியதை நிறுத்தியபடியே விட்டால் தட்டில் சோறும் மோரும்தான் மிஞ்சும். ஒரு குழாய் ரத்தத்தில் நூறு உணவின் ஒவ்வாமை சொல்கிறோம் என்கிற ஐஜிஜி பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். சாப்பிட்டவுடன் உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ அது உண்மையான அலர்ஜி. அதை வீட்டில் சோதிக்கவே கூடாது.

அந்த அக்காவிடமும் ஒன்று சொல்லுங்கள். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இந்த விரதத்தில் இறங்கக் கூடாது. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் மெஷினில் உட்காருபவர்களுக்கு உண்டு. வெறும் வயிற்றில் அது புண்ணையே உண்டாக்கலாம்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, எடை தானாக இறங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். வயிறு இறங்காமல் நாள் முழுக்க உப்பியே இருந்தால் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஆறு வாரத்தில் மாற்றமும் தெரியாவிட்டால், நோட்டை எடுத்துக்கொண்டு குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். இரைப்பையில் தங்கும் ஹெச். பைலோரி கிருமிக்கு மூச்சு அல்லது மலப் பரிசோதனை கேளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு பான்டோபிரசோலை நிறுத்த வேண்டியிருக்கும், அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். சீலியாக் (கோதுமையால் குடல் கெடும் நோய்) ரத்தப் பரிசோதனை எழுதினால் அதுவரை சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள், கோதுமை சாப்பிட்டு வந்தால்தான் அதில் தெரியும்.