கடமானுக்கு எது, காட்டுப்பன்றிக்கு எது?

ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஒரத்தநாட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தவன் நான். மகன் கனடாவில் இருக்கிறான். அவன் தயவில் அங்கே சில வேட்டைப் பருவங்களையும் பார்த்தாயிற்று. டெல்டாவிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் ரைபிள் வாங்கும்போது என்னிடம் கேட்பது அதனால்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே ரைபிளைப் பற்றி வருவதெல்லாம், உரிமம் எடுத்து வேட்டையாட அனுமதி உள்ள நாடுகளுக்கு. .308, .270 என்று புள்ளியோடு வருவதெல்லாம் தோட்டா அளவின் பெயர்கள்.

மான், அதைவிடப் பெரிய மான் வகைகளான எல்க், மூஸ் மூன்றுக்கும் ஒரே ரைபிள் வாங்க நினைக்கிறேன். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிறார். நண்பர் .308 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
— கால்கரி (சொந்த ஊர் பட்டுக்கோட்டை)

தம்பி, நான் உங்கள் நண்பர் பக்கம். கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போய் .30-06 என்பேன்.

இந்த மூன்றிலும் குழலிலிருந்து பறக்கும் ரவையின், அதாவது குண்டின், குறுக்களவு ஒன்றே. வித்தியாசம் பின்னால் இருக்கும் வெடிமருந்தின் அளவில். .30-06 என்பது 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 1952-இல் வந்த .308-இன் தோட்டா அதைவிடக் குட்டை. .300 மேக்னம் 1963. 180 கிரெயின் ரவையை, அதாவது 11.7 கிராமை, .308 நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது என்றால் .30-06 சுமார் 820-இல் அனுப்பும், மேக்னம் 900-இல். அந்தக் கூடுதல் வேகத்துக்கு விலை உங்கள் தோள் கொடுக்க வேண்டும். .308-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உதைக்கும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். மகனின் நண்பர் ஒருவருடைய மேக்னத்தைக் குறி பார்க்கும் மைதானத்தில் வாங்கிப் படுத்துச் சுட்டேன். இருபது வருடம் துப்பாக்கியோடு கிடந்தவன் என்ற மிதப்பு. ஸ்கோப்புக்கும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கண்ணுக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் விட வேண்டும். நான் தலையை ஒட்டி வைத்திருந்தேன். முதல் வெடியிலேயே ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை மாதிரி வெட்டிவிட்டது, மூன்று தையல். வலிகூடப் பெரிதில்லை. அடுத்த பத்து தோட்டாவுக்கு விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. பயந்து சுடுகிறவன் கையில் மேக்னம் இருந்து என்ன பயன்? மூஸ் 400 கிலோவுக்கு மேல் நிற்கும் மிருகம்தான். ஆனாலும் நுரையீரலில் இறங்கிய .30-06 ரவை அதைச் சாய்க்கும். வயிற்றில் பட்ட மேக்னம் சாய்க்காது. ராத்திரி முழுக்க ரத்தத் தடம் பார்த்து அலைய வேண்டியதுதான்.

எல்க், மூஸுக்கு எளிதில் சிதறாத ரவையாக வாங்குங்கள். உறை பிரியாதபடி ஈயத்தோடு ஒட்டிய வகையோ, முழுச் செம்போ இருக்கட்டும். 165-இலிருந்து 180 கிரெயின். மானுக்குச் சாதாரண ஈய முனை 150 கிரெயின் போதும். 200 கஜத்தில் குறி சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் 180 கிரெயின் ரவை எட்டு, ஒன்பது அங்குலம் இறங்கும். அதற்கு மேல் தூரத்தில் நிற்கும் மிருகத்தை முதல் இரண்டு வருடம் பார்த்து ரசியுங்கள், சுடாதீர்கள்.

விக்டோரியாவில் சாம்பார் மான் வேட்டைக்குப் போகப் போகிறேன். கையில் இருப்பது .243. போதுமா?
— மெல்போர்ன் (நாகப்பட்டினம்)

போதாது. நான் சொல்லவில்லை, அந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. சாம்பாருக்குக் குறைந்தது .270 காலிபர், 130 கிரெயின் ரவை. உங்கள் .243-ஐ அங்கே புள்ளிமானுக்கு வைத்துக்கொள்ளலாம், ரவை 80 கிரெயினுக்குக் குறையக் கூடாது. இந்தச் சாம்பார் வேறொன்றும் இல்லை, நம் முதுமலைக் கடமான்தான், வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோனது. 1925-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் .270 வின்செஸ்டர் ஒன்று பழையதாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். வாங்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து குழலுக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

டெக்சாஸில் நண்பர்களோடு பண்ணை வேட்டை. காட்டுப்பன்றி, புள்ளிமான், நீல்காய் என்ற பெரிய மானினம், மூன்றும் உண்டாம். 6.5 கிரீட்மூர் வைத்திருக்கிறேன்.
— ஹூஸ்டன் (கும்பகோணம்)

கோடியக்கரையில் வெளிமானைப் பார்த்து வளர்ந்தவர் டெக்சாஸில் அதே வெளிமானைப் பண்ணைகளில் பார்க்கலாம். முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

புள்ளிமானுக்கும் பன்றிக்கும் 6.5 கிரீட்மூர் அருமை. 2007-இல் வந்த தோட்டா, உதை குறைவு, குறி கச்சிதம். பன்றியில் ஒரே ஒரு விஷயம். அதன் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாக, முன்பக்கம் தள்ளி இருக்கும். மானுக்குச் சுடுவதுபோல முன்னங்காலுக்குப் பின்னால் சுட்டால் குடலில் இறங்கும். காலின் கோட்டிலேயே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள்.

நீல்காய் வேறு கதை. ஆண் நீல்காய் 200 கிலோவைத் தாண்டும், தோள்பட்டைத் தோல் செருப்புத் தோல் மாதிரி. அதற்கு .300 மேக்னமோ .338-ஓ வைத்திருப்பவரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். ஆமாம், மேலே பட்டுக்கோட்டைத் தம்பியிடம் வேண்டாம் என்ற அதே மேக்னம்தான். முந்தின நாள் அதே துப்பாக்கியில் இருபது தோட்டாவாவது சுட்டுப் பழகிவிட்டுப் போங்கள்.

ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு .375 எச் அண்ட் எச் போதுமா, .470 வேண்டுமா?
— சிங்கப்பூர் (மயிலாடுதுறை)

.375 போதும். 1912-இலிருந்து ஆப்பிரிக்காவில் அதுதான் வேலை செய்கிறது, பல நாடுகளில் எருமைக்குச் சட்டப்படி அதுவே குறைந்த அளவு. .470-க்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 ரைபிளைத் தடை செய்ததால்தான் லண்டன் கம்பெனிகள் .470 போன்ற அளவுகளைக் கண்டுபிடித்தன.

போன வருடம் மைனஸ் 20 குளிரில் விசையை இழுத்தேன், 'டிக்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
— எட்மண்டன் (பேராவூரணி)

பேராவூரணி என்றதும் எனக்குச் சந்தேகம் வந்து, என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். "வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட தேங்காயெண்ணெய்" என்றார். நான் நினைத்தது சரிதான். நம் ஊரில் மார்கழிக் காலையிலேயே பாட்டிலில் உறைகிற எண்ணெய் அது. போல்ட்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை), தோட்டாவை அடிக்கும் ஊசி ஓடும் துளை முழுக்க மெழுகாகி, ஊசி அசையவே இல்லை.

போல்ட்டைக் கழற்றி, பெட்ரோலில் இல்லாமல், துப்பாக்கிக் கரைப்பான் வாங்கி ஊறவைத்துத் துடையுங்கள். குளிர்காலத்தில் உள்ளே எண்ணெயே வேண்டாம். அல்லது குளிருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் ஒரே சொட்டு. இன்னொன்று: வேட்டை முடிந்து ரைபிளைச் சூடான வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோனால் குழல் உள்ளும் புறமும் வியர்க்கும். தோட்டாவை எடுத்துவிட்டு, பையிலேயே இரண்டு மணி நேரம் விட்டு, அப்புறம் திறந்து துடையுங்கள். தேங்காயெண்ணெயைத் தலைக்கு வையுங்கள்.

கொள்ளிடக் கரையோரம் கடலை, கரும்பு போட்டிருக்கிறோம். பன்றி ராத்திரியில் வந்து கிளறிவிட்டுப் போகிறது. தாத்தாவின் இரட்டைக்குழல் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துப் பன்றியைச் சுடலாமா? .315 ரைபிள் வாங்கினால் நல்லதா?
— திருவையாறு பக்கம்

ஐயா, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில் துப்பாக்கி. உரிமம் தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், அது இன்று உங்கள் வீட்டில் இருப்பதே தவறு. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்த பிறகும் உடனே சுடாதீர்கள். அந்தக் காலத்துச் சீமைத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் நீளம்தான். இப்போது கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தெரிந்தவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பன்றி. சட்டத்தில் அது இரண்டாம் அட்டவணை விலங்கு. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். நீங்கள் சுட முடியாது. மனு எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள், சேதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். தோட்டத்து வேலியில் மின்சாரம் இழுத்து விடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷன் விழுந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும் அப்படித்தான், மாடு கடித்துத் தாடை போன பிறகு அழுது பயனில்லை.

மூன்றாவது .315. நம் அரசுத் தொழிற்சாலையில் வரும் நல்ல, முரட்டு ரைபிள்தான். .303 ராணுவ அளவு என்று பொதுமக்களுக்குக் கிடைக்காததால் பிறந்தது. ஆனால் டெல்டாவில் அதற்கு இடமே இல்லை என்பேன். மலை நாட்டில் மிருகத்துக்குப் பின்னால் சரிவு இருக்கும், தப்பிய ரவை மண்ணில் புதையும். இங்கே பின்னால் என்ன இருக்கிறது? உள்ளங்கை மாதிரி சமதரை, முழங்கால் உயர வரப்பு, அதற்கப்புறம் அடுத்த ஊர்த் தெருவிளக்கு. ரைபிள் ரவை இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். அறுவடை முடிந்த ஒரு மாலை உங்கள் வயல் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள், எந்தத் திசையில் சுடலாம் என்று. எனக்கு என் வயலில் ஒரு திசைகூடக் கிடைக்கவில்லை.

பேரன் ஏர்கன் கேட்கிறான். உரிமம் வேண்டுமா? மடையான் சுடலாமா?
— மன்னார்குடி

.177 அளவில், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். மடையான், கொக்கு, நாரை எதையும் சுடக்கூடாது, பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரியில் மட்டுமல்ல, உங்கள் வயலிலும்தான். காலி டின் அடுக்கிச் சுடட்டும். பின்னால் மண்மேடோ வைக்கோல் போரோ இருக்க வேண்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.